தத்தெடுக்கப் போறீங்களா? காத்திருக்கிற வருஷங்கள்ல என்ன படிச்சீங்க?

1/
கைக்குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்கிறவங்க, "நாமளும் பதிவு பண்ணலாமா"ன்னு யோசிச்சுட்டு இருக்கிறவங்க, அவங்க வீட்டுப் பெரியவங்க, எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த இழை.
நீளமானது. கொஞ்சம் கோபமாவும் இருக்கும். அந்தக் கோபத்துல பாதி என் மேலயே எனக்கு இருக்கிறது.

2/
அரசு மருத்துவமனை, குழந்தைகள் ஓ.பி. திங்கட்கிழமை. வரிசை வாசல் தாண்டி நிக்குது.
பதினொரு மாசப் பெண் குழந்தையோட ஒரு அம்மா, கூட மாமியார். (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாத்தியிருக்கேன்.)
எடை ஆறு கிலோ. அந்த வயசுக்கு எட்டரை கிலோ பக்கம் இருக்கணும்.
"என்னம்மா குடுக்கிறீங்க?"
"பவுடர் பால் டாக்டர்."
"எப்படிக் கலக்குறீங்க?"
பதில் இல்லை.
"பிறந்தப்ப எடை எவ்வளவு? குறைமாசமா?"
அந்தப் பொண்ணு மாமியார் முகத்தைப் பார்க்கிறாங்க. அப்புறம் மெதுவா, "மூணு கிலோ"ங்கிறாங்க.
எனக்குப் பின்னாடி இன்னும் எண்பது பேர். திட்டிட்டேன். "பெத்த புள்ளைக்குப் பால் கலக்கக்கூடத் தெரியாதா?"ன்னு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

3/
ஓ.பி. முடியிற நேரம் அவங்க தனியா திரும்பி வந்தாங்க.
"நான் பெக்கலை டாக்டர். தத்தெடுத்த புள்ள. அம்மா வீட்டுல பெத்துட்டு வந்ததா ஊர்ல சொல்லியிருக்கோம். பால் கலக்க யாருகிட்ட கேட்கறது? பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதான்னு கேட்டுட்டா?"
அதையேதான் காலையில நான் கேட்டிருந்தேன்.

4/
குழந்தை அவங்க கைக்கு வந்தது அஞ்சாவது மாசத்துல. சட்டப்படி, காரா வழியா. எல்லாப் பேப்பரும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருந்தது.
ஒரு முழு பாட்டிலுக்கு மூணு கரண்டி பவுடர். "கெட்டியா குடுத்தா செரிக்காது"ன்னு யாரோ சொன்னது. ஒரு வயசு வரைக்கும் பால் மட்டும் போதும்னு நினைச்சிருக்காங்க. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தப்ப கதவைத் திறக்கலை. பிக்மி நம்பர் கேட்டுட்டா என்ன சொல்றதுன்னு பயம்.
மூணு வருஷத்துக்கு மேல காத்திருந்து வாங்கின குழந்தை, நம்ம கண்ணு முன்னாடி பட்டினியில இளைச்சுக்கிட்டு இருந்தது.

5/
இது அந்தப் பொண்ணோட தப்புன்னு நீங்க நினைச்சா, இதைக் கேளுங்க.
நம்ம மாநிலத்துல ஒரு பொண்ணு கர்ப்பம்னு தெரிஞ்சதும் என்னென்ன நடக்குது? பிக்மி எண். தாய் சேய் நல அட்டை. செக்கப், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல நிதியுதவி. பிரசவம் ஆனதும் செவிலியர் பக்கத்துல உட்கார்ந்து குழந்தையை மார்புல எப்படிப் பிடிக்கணும்னு காட்டுவாங்க. அதுபோக அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கான்னு ஆளாளுக்கு வந்து சொல்லித் தருவாங்க.
தத்தெடுக்கிற அம்மாவுக்கு என்ன கிடைக்குது? போன்ல ஒரு தகவல். "உங்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கு. 48 மணி நேரத்துல முன்பதிவு பண்ணுங்க."
மூணு வருஷம் அசையாம நின்ன வண்டி, திடீர்னு நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓட ஆரம்பிக்குது.

6/
நடைமுறையைச் சுருக்கமா சொல்றேன். காரா இணையதளத்துல பதிவு பண்ணணும். ஆவணங்களைக் கொடுக்கணும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வு அறிக்கை எழுதுவார். அது மூணு வருஷத்துக்குச் செல்லும். முறை வரும்போது குழந்தையோட படம், மருத்துவ அறிக்கை, குழந்தையைப் பத்தின ஆய்வு அறிக்கை வரும். முன்பதிவு பண்ணி, நேர்ல பார்த்து, ஒப்புக்கிட்டா குழந்தை உங்க பராமரிப்புக்கு வரும். இறுதி உத்தரவு முன்னாடி நீதிமன்றத்துல கிடைச்சது. 2022 செப்டம்பர்ல இருந்து மாவட்ட ஆட்சியர் போடுறார்.
விதிகள்ல "ஆலோசனை"ங்கிற சொல்லும் இருக்கு. ஆனா நான் பேசிப் பார்த்த பெற்றோர் எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்றாங்க: சம்பளச் சான்று, சொத்து விவரம் பார்க்கும்போது நாலு வார்த்தை பேசினாங்க, அவ்வளவுதான்.
வீட்டுல எத்தனை ரூம் இருக்குன்னு எழுதியாச்சு. பால் கலக்கத் தெரியுமான்னு யாரும் கேட்கலை.

7/
இன்னொரு விஷயம் சொன்னா வயிறு எரியும்.
ஒரு அமெரிக்கத் தம்பதி இந்தியாவுல இருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கணும்னா, அவங்க நாட்டு விதிப்படி குறைஞ்சது 10 மணி நேரப் பயிற்சி முடிச்சிருக்கணும். வீட்டு ஆய்வு இதுல சேராது, அது தனி.
அதே காப்பகத்துல, பக்கத்துத் தொட்டில்ல இருக்கிற குழந்தையை எடுத்துட்டுப் போற நம்ம ஊர்த் தம்பதி எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தாங்க? நான் கேட்ட ஒருத்தராலயும் மணிக்கணக்குல பதில் சொல்ல முடியலை.

8/
"பெத்தவங்க எல்லாம் படிச்சுட்டா பெத்தாங்க?" எப்பவும் வர்ற கேள்வி இது. ரெண்டு பதில் இருக்கு.
ஒண்ணு, ஆமா, படிச்சாங்க. ஒன்பது மாசம், ஊரே சேர்ந்து சொல்லிக் கொடுத்தது. தத்தெடுத்ததை மறைச்சு வெச்சவங்களுக்கு அந்த ஊர் இல்லை.
ரெண்டு, நீங்க கூட்டிட்டு வர்ற குழந்தை எழுதாத சிலேட்டு இல்லை. அதுக்கு ஒரு கர்ப்ப காலம், ஒரு பிரசவம், ஒரு பிரிவு, சில மாசக் காப்பக வாழ்க்கை எல்லாம் ஏற்கெனவே இருக்கு. அதைப் படிக்கத் தெரியணும்.
என்ன படிக்கணும்? ஒரு அரசு மருத்துவரா எனக்குத் தெரிஞ்ச ஆறு பாடங்களைச் சொல்றேன்.

9/
பாடம் 1: உங்க துக்கத்தை முதல்ல முடிங்க.
ஐ.யு.ஐ. நாலு தடவை, ஐ.வி.எஃப். ரெண்டு தடவை, கடைசியில "சரி, தத்தெடுத்துடலாம்". இப்படி வர்றவங்க நிறைய. தப்பே இல்லை. ஆனா தத்தெடுப்புங்கிறது குழந்தையின்மைக்கு மருந்து கிடையாது. பிறக்காத அந்தக் குழந்தைக்காக இன்னும் அழுதுகிட்டே வந்தா, வந்த குழந்தையை அதோட ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பீங்க. கலர், மூக்கு, மார்க்கு, எல்லாத்தையும்.
கணவன், மனைவி ரெண்டு பேரும் மனசார "வேணும்"னு சொல்ற வரைக்கும் பதிவு பண்ணாதீங்க. "அவ கேட்டா, சரின்னேன்"னு சொல்ற அப்பா, குழந்தை முதல் தடவை காய்ச்சல்ல விழும்போது தனியா ஒதுங்கிடுவார்.

10/
பாடம் 2: மருத்துவ அறிக்கையைப் படிக்கக் கத்துக்கோங்க.
ஒப்புக்கிறதுக்கு முன்னாடி அந்த அறிக்கையை உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட காட்டலாம். விதியே அதை அனுமதிக்குது. எந்தக் குழந்தைநல மருத்துவரைப் பார்க்கப் போறோம்னு காத்திருக்கிற காலத்துலயே முடிவு பண்ணி வைங்க. அந்த 48 மணி நேரத்துல தேடி ஓடாதீங்க.
"எடை குறைவு"ன்னா பிறந்தப்ப 2.5 கிலோவுக்குக் கீழேன்னு அர்த்தம். அதுவே நோய் கிடையாது.
ரெண்டு மாசம் முன்னாடியே பிறந்த குழந்தைக்கு இப்ப எட்டு மாசம்னா, அதோட வளர்ச்சியை ஆறு மாசக் குழந்தையோடதான் ஒப்பிடணும். ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான் கணக்கு. இது தெரியாம "இன்னும் உட்காரலையே, ஏதோ கோளாறு"ன்னு வேண்டாம்னு சொல்லிட்டா, ஒரு நல்ல குழந்தை தன்னோட வீட்டை இழக்குது.

11/
எச்.ஐ.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்னு பார்த்ததும் அறிக்கையை மூடி வெச்சுடாதீங்க. 18 மாசம் வரைக்கும் தாயோட ஆன்டிபாடி குழந்தை ரத்தத்துல இருக்கலாம். அதனால அது குழந்தைக்குத் தொற்று இருக்குன்னு உறுதியா சொல்லாது. பி.சி.ஆர். பரிசோதனை முடிவைக் கேளுங்க.
குறைமாசக் குழந்தைன்னா விழித்திரை பரிசோதனை பண்ணாங்களான்னு கேளுங்க. காது கேட்கிற பரிசோதனை, தைராய்டு பரிசோதனை, தடுப்பூசி அட்டை, தலைச் சுற்றளவு, மாசாமாசம் எடுத்த எடை. இதெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு.
ஆனா "நூறு சதவீதம் கேரண்டி" கேட்காதீங்க. பெத்த குழந்தைக்கே எந்த டாக்டரும் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது.

12/
பாடம் 3: பால்.
காப்பகத்துல என்ன பவுடர், எத்தனை மணிக்கு ஒரு தடவை, எவ்வளவு, பாட்டிலா பாலாடையா, எல்லாம் எழுதி வாங்குங்க. வந்த அன்னைக்கே பிராண்டை மாத்தாதீங்க.
டப்பாவுல போட்டிருக்கிற அளவுதான் அளவு. பெரும்பாலும் 30 மில்லி தண்ணிக்கு ஒரு மட்டமான கரண்டி. தண்ணியைக் கொதிக்க வெச்சு, முதல்ல தண்ணியை அளந்து ஊத்தி, அப்புறம் பவுடர் போடணும். தண்ணி கூடினா குழந்தை பட்டினி. பவுடர் கூடினாலும் ஆபத்து.
ஒரு வயசு வரைக்கும் பசும்பாலைப் பிரதான உணவாக்காதீங்க. தேன், சர்க்கரைத் தண்ணி வேண்டாம். ஆறு மாசம் முடிஞ்சதும் மசிச்ச பருப்பு சாதம், கேழ்வரகுக் கூழ், மசிச்ச காய், முட்டைன்னு படிப்படியா ஆரம்பிங்க.

13/
இது நிறைய பேருக்குத் தெரியாது. பெக்காத அம்மாவாலயும் தாய்ப்பால் சுரக்க வைக்க முடியும். மார்பைத் தொடர்ந்து தூண்டணும், சில வாரம் ஆகும், டாக்டர் மேற்பார்வை வேணும். முழுத் தேவைக்கும் சுரக்கும்னு சொல்ல முடியாது. பவுடர் பாலும் கூடவே தேவைப்படலாம்.
எல்லாரும் இதைச் செஞ்சே ஆகணும்னு சொல்லலை. ஆனா "உங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்கு"ன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும் இல்லையா? குழந்தை வந்த பிறகு சொல்லி பாதிப் பிரயோஜனம்கூட இல்லை.

14/
பாடம் 4: குழந்தைக்கும் துக்கம் உண்டு.
ஏழு, எட்டு மாசக் குழந்தைக்குத் தன்னைத் தூக்குற ஆயாம்மாவோட வாசனை தெரியும், குரல் தெரியும். ஒரு நாள் காலையில அது எல்லாம் போயிடுது. ராத்திரி முழுக்க அழும், பால் குடிக்காது, உடம்பை விறைச்சுக்கும். "நம்மளைப் புடிக்கலையோ"ன்னு கலங்காதீங்க. அது தொலைஞ்சு போனவங்களைத் தேடுது.
அழவே அழாத குழந்தையையும் கவனிங்க. "ரொம்ப சமத்து"ன்னு பெருமைப்படுறதுக்கு முன்னாடி, அழுதா யாரும் வர மாட்டாங்கன்னு பழகிப் போச்சோன்னு யோசிங்க.

15/
அதனால, வந்த மறுநாளே மண்டபம் புடிச்சு முந்நூறு பேர் கையில குழந்தையை மாத்தி மாத்தி வைக்காதீங்க. பேர் வைக்கிற விழா ரெண்டு மாசம் கழிச்சு நடந்தா குடி முழுகிடாது.
முதல் சில வாரம் பால் கொடுக்கிறது, குளிப்பாட்டுறது, தூங்க வைக்கிறது எல்லாம் நீங்க ரெண்டு பேர் மட்டும் செய்ங்க. அது படுத்திருந்த துணியைக் காப்பகத்துல கேட்டு, துவைக்காம கொண்டு வாங்க. அழுதா தூக்குங்க. "கைப்பழக்கம் ஆயிடும்"னு சொல்ற பாட்டிகிட்ட, இந்தக் குழந்தைக்கு அந்தப் பழக்கம்தான் மருந்துன்னு சொல்லுங்க.

16/
பாடம் 5: உங்க மனசு.
பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு மாதிரியே தத்தெடுத்த பிறகும் வரலாம். ஆசைப்பட்டு வாங்கின குழந்தை, ஆனா பாசம் பொங்கலை, தூக்கம் இல்லை, குற்ற உணர்ச்சி. "பெக்கலையே, உனக்கென்ன டிப்ரஷன்?"னு கேட்கிற வாயை மூடச் சொல்லுங்க. டாக்டரைப் பாருங்க, இல்லைன்னா 14416-க்கு (டெலி மானஸ்) கூப்பிடுங்க. பாசம் வர நாளாகும். பெத்தவங்கள்லயும் எத்தனையோ பேருக்கு அப்படித்தான்.

17/
பாடம் 6, எல்லாத்தையும் விடப் பெருசு: மறைக்காதீங்க.
வயித்துல துணி கட்டி ஏழாம் மாசம் வளையல் போட்டவங்களையும் தெரியும், ஊரையே மாத்தினவங்களையும் தெரியும். இது எல்லாம் குழந்தை நல்லதுக்குன்னு சொல்வாங்க. இல்லைங்க, உங்க கௌரவத்துக்கு.
உண்மை தெரியாமப் போகாது. ஒரு சொத்துத் தகராறுல, இல்லைன்னா ஒரு கல்யாண வீட்டுல குடிச்சுட்டு ஒரு சித்தப்பா சொல்லுவார். அன்னைக்கு உங்க பிள்ளைக்குப் பதினாறு வயசு. தத்துப்பிள்ளைங்கிறது அவனுக்கு அவ்வளவா வலிக்காது. பதினாறு வருஷம் நீங்க பொய் சொன்னீங்கங்கிறதுதான் வலிக்கும்.

18/
வார்த்தை புரியாத வயசுலயே சொல்ல ஆரம்பிங்க. தூங்க வைக்கிற கதையா சொல்லுங்க: "உன்னைக் கூட்டிட்டு வர அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் ரயில்ல போனோம்." முதல்ல தடுமாறுவீங்க. புரியாத குழந்தை முன்னாடி தடுமாறினா பரவாயில்லை. அதுக்குப் புரியிற வயசு வரும்போது உங்க குரல்ல நடுக்கம் இருக்காது.
பெத்தவளைப் பத்தித் தப்பாப் பேசாதீங்க. "தூக்கிப் போட்டுட்டுப் போனவ"ங்கிற வார்த்தை வீட்டுக்குள்ள வரவே கூடாது.
மருத்துவக் காரணமும் இருக்கு. "குடும்பத்துல யாருக்காவது சுகர், வலிப்பு, இதய நோய்?"னு நாங்க கேட்கும்போது உங்களோட பரம்பரையைச் சொன்னா, எங்க கணக்கு தப்பாகும். "தெரியாது டாக்டர், தத்தெடுத்த பிள்ளை"ன்னு சொன்னா, அதுக்கு ஏத்த மாதிரி பார்ப்போம்.

19/
இப்ப குறுக்கு வழிக்கு வர்றேன். "காரால லேட் ஆகுதுங்க, ஒரு நர்ஸம்மா இருக்காங்க, நேத்துப் பிறந்த குழந்தை, நல்ல கலர்..."
2019-ல ராசிபுரத்துல ஒரு ஆடியோ வெளியாச்சே, ஞாபகம் இருக்கா? குழந்தைக்கு விலை பேசி, பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தர்றதா சொன்ன குரல். அந்த வியாபாரம் நடந்ததுக்குக் காரணம் வாங்க ஆள் இருந்ததுதான்.
ஒரு எளிய சோதனை சொல்றேன். சட்டப்படி குழந்தையை ஒப்படைக்கிற பெற்றோருக்கு மனசு மாற 60 நாள் அவகாசம் உண்டு. கண்டெடுத்த குழந்தைன்னா குழந்தைகள் நலக் குழு விசாரிக்கணும். அதனால யாரோ ஒருத்தர் உங்ககிட்ட "நேத்துப் பிறந்தது, நாளைக்கே எடுத்துக்கலாம்"னு சொன்னா, அது குற்றம். வேற விளக்கமே கிடையாது.

20/
2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி நடைமுறையை மீறித் தத்து கொடுத்தா, வாங்கினா 3 வருஷம் வரைக்கும் சிறை. விற்றாலும் வாங்கினாலும் 5 வருஷம் வரைக்கும். மருத்துவமனை ஊழியர்கள் மாதிரி குழந்தையைப் பொறுப்புல வெச்சிருக்கிறவங்களே செஞ்சா 3-ல இருந்து 7 வருஷம்.
பெத்தவ மனசு மாறித் திரும்பக் கேட்டா, நீங்க வளர்த்த குழந்தையைப் போலீஸ் வந்து தூக்கிட்டுப் போகும். அந்தக் குழந்தைக்கு அது ரெண்டாவது பிரிவு.
வளர்க்க முடியாத குழந்தை பத்தித் தெரிய வந்தா 1098-க்குச் சொல்லுங்க. 1992-ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, பிறந்த குழந்தை கொல்லப்படாம இருக்கத்தான்.

21/
வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. "யாரு பெத்ததோ", "என்ன சாதியோ", "ரத்தம் வேற இல்ல". இதைச் சொல்ற ஒவ்வொரு வாயும்தான் அந்தப் பொண்ணைக் கதவைத் திறக்க விடாம வெச்சது. உங்க வாய்க்குப் பயந்து ஒரு குழந்தை அஞ்சு மாசம் தண்ணிப் பால் குடிச்சது. யோசிச்சுப் பாருங்க.

22/
அரசுக்கு என் கோரிக்கை. புதுசா கட்டடம் எதுவும் வேண்டாம். மாவட்டத் தலைநகர்கள்ல ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கு, அரசு மருத்துவமனைகள்ல குழந்தைகள் பிரிவு இருக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இருக்கு. காத்திருக்கிற தம்பதிக்குக் கர்ப்பகாலச் செக்கப் மாதிரி கட்டாயமா நாலு வகுப்பு வைங்க. ஏற்கெனவே தத்தெடுத்தவங்களைக் கூப்பிட்டுப் பேச வைங்க. பால் கலந்து காட்டுங்க, அவங்களைக் கலக்கச் சொல்லிப் பாருங்க.
தத்தெடுத்த பிறகு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷத்துக்குக் கண்காணிக்கணும்னு விதி இருக்கு. நல்லதுதான். ஆனா அஞ்சு மாசக் குழந்தைக்கு ஆறு மாசம்ங்கிறது அது வாழ்ந்த காலத்தை விடப் பெருசு. முதல் வாரத்துலயே ஒரு செவிலியர் அந்த வீட்டுக்குப் போகணும்.

23/
சக மருத்துவர்களே, செவிலியர்களே, நாமளும் மாறணும். "பிரசவம் எங்க?"ங்கிற கேள்வியை வரிசை முன்னாடி கேட்காதீங்க. "குழந்தை உங்ககிட்ட எத்தனை மாசமா இருக்கு?"ன்னு தனியா ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பதினஞ்சு வினாடிதான் ஆகும். எண்பது பேர் காத்திருந்தாலும் அந்தப் பதினஞ்சு வினாடி நம்மகிட்ட இருக்கு. எனக்கு அன்னைக்கு இருந்தது. நான் செலவழிக்கலை.

24/
அந்தக் குழந்தையை உள்நோயாளியா சேர்த்தோம். பால் கலக்கிறதை அந்தப் பொண்ணு வார்டு செவிலியர்கிட்ட ஒரே நாள்ல கத்துக்கிட்டாங்க. ஒரே நாள்தாங்க. இதுக்குத்தான் மூணு வருஷத்துல யாருக்கும் நேரம் இல்லாமப் போச்சு.
அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். மூணு மாசம் கழிச்சு வந்தப்ப எடை ஏழே முக்கால் கிலோ. இன்னும் பின்தங்கித்தான் இருக்கு, ஆனா ஏறுது. மாமியார் இடுப்புல உட்கார்ந்து என் ஸ்டெதஸ்கோப்பைப் புடிச்சு இழுத்தா.
"சீட்டுல தத்துன்னு எழுதிக்கவாம்மா? அடுத்த டாக்டர் திரும்பக் கேட்காம இருப்பாங்க."
அந்தப் பொண்ணு இந்தத் தடவை மாமியார் முகத்தைப் பார்க்கலை.
"எழுதுங்க டாக்டர்"னாங்க.

25/
உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது காத்திருப்புப் பட்டியல்ல இருந்தா இதை அனுப்புங்க. "எப்ப வரும்"னு கேட்கிறதை நிறுத்திட்டு, வரப்போற குழந்தைக்காக இன்னைக்கு ஒரு பாடம் படிக்கச் சொல்லுங்க.